மேலே போகாத செய்தி: நிறுவன மாற்றப் பணிக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் 'சேஞ்ச் மேனேஜர்', 'சேஞ்ச் லீட்' என்ற பதவிகள் இப்போது தவறாமல் தென்படுகின்றன. பழைய கணக்கு முறையிலிருந்து ஈஆர்பி மென்பொருளுக்கு மாறும் தொழிற்சாலை, ஒன்றோடொன்று இணையும் இரண்டு வங்கிகள், வெளிநாட்டுத் தலைமையகத்தின் வேலையை இங்கே கொண்டுவரும் பன்னாட்டு நிறுவனம் என எங்கு மாற்றம் நடந்தாலும், ஊழியர்களைப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்குக் கொண்டு சேர்க்க ஒருவர் வேண்டும். அவருக்கு வைத்திருக்கும் பெயர்தான் இது. கணினித் துறையில் சர்வர்களில் செய்யும் திருத்தங்களுக்கு அனுமதி வழங்கும் வேலைக்கும் இதே பெயர்தான். விண்ணப்பிக்கும் முன் எது என்று பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் பெயரைத் தவிரப் பொதுவாக ஒன்றும் இல்லை.

விளம்பரங்கள் கேட்கும் திறமைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. சிறந்த பேச்சாற்றல், எழுத்தாற்றல், பவர்பாயின்ட், பயிற்சி நடத்தும் அனுபவம், பலதரப்பட்டவர்களை அனுசரித்துப் போகும் குணம், முடிந்தால் ஒரு சான்றிதழ். இந்தப் பட்டியலில் தவறு ஏதுமில்லை. ஆனால் இது ஒரு திசையை மட்டும் பார்க்கிறது. மேலிடத்தில் எடுத்த முடிவைக் கீழே உள்ளவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லும் ஆளைத் தேடுகிறது. இந்தத் துறையில் எண்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளையும் பெரிய தோல்விகளையும் சேர்த்துப் பார்த்தால், பற்றாக்குறை எதிர்த் திசையில்தான் இருந்திருக்கிறது. கீழே தெரிந்த உண்மை மேலே போய்ச் சேரவில்லை. கொண்டுபோகத் தெரிந்த ஆள் இல்லை, அல்லது இருந்தும் அவர் பேச்சு எடுபடவில்லை.

இந்த ஆய்வுகளின் தொடக்கம் ஒரு பைஜாமா தொழிற்சாலை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற சிற்றூரில் ஹார்வுட் நிறுவனம் அதை நடத்திவந்தது. சுமார் 500 பெண்களும் 100 ஆண்களும் வேலை பார்த்தார்கள். கூலி பீஸ் ரேட் கணக்கில். சந்தைக்கு ஏற்ப உடையின் வடிவமும் வேலை முறையும் அடிக்கடி மாறும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் உற்பத்தி விழும், கைதேர்ந்த தொழிலாளர்கள் வேலையை விட்டுப் போவார்கள். மாற்றத்துக்கென்று நிர்வாகம் தனிப் படி கொடுத்தும் பயனில்லை. நிர்வாகத் தலைவர் ஆல்ஃபிரட் மாரோ உளவியல் படித்தவர். சமூக உளவியலாளர் கர்ட் லெவினின் நண்பர். லெவின் வட்டத்தைச் சேர்ந்த ஜான் ஃப்ரெஞ்சும் ஆலையின் பணியாளர் மேலாளர் லெஸ்டர் கோச்சும் அங்கே நடத்திய சோதனையின் முடிவு 1948இல் வெளியானது.

அதில் ஒரு குழுவுக்கு வந்த மாற்றம் எவ்வளவு அற்பமானது என்று பாருங்கள். இஸ்திரி போட்ட உடைகளை அரை டஜன் அரை டஜனாக ஓர் அட்டையின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இனி ஒரு பெட்டிக்குள் அடுக்க வேண்டும். இவ்வளவுதான். நிர்வாகம் கூட்டம் போட்டது, போட்டி அதிகமாகிவிட்டதால் இது அவசியம் என்றது, புதிய கூலி விகிதத்தைச் சொன்னது, கேள்விகளுக்குப் பதிலும் சொன்னது. இன்றைய அலுவலகங்களில் 'டவுன்ஹால்' என்று நடப்பது இதுதான். நாற்பது நாளில் அந்தக் குழுவில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டுவிட்டார்கள். மணிக்கு 60 அலகு என்ற நிர்ணய அளவை மற்றவர்கள் எட்டவே இல்லை. 50ஐ ஒட்டியே நின்றுவிட்டார்கள்.

வேறு குழுக்களிடம் நிர்வாகம் வேறு வழியில் போனது. ஒரே மாதிரியான இரண்டு உடைகளைக் காட்டி, இதில் எது பாதி விலைக்கு விற்றது என்று கேட்டார்கள். யாராலும் சொல்ல முடியவில்லை. செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் அப்போதே விளங்கிவிட்டது. எந்த வேலையை எப்படிச் சுருக்கலாம், புதிய விகிதத்தை எப்படி நிர்ணயிக்கலாம் என்பதில் தொழிலாளர்களும் உட்கார்ந்தார்கள். ஒரு குழுவில் பிரதிநிதிகள் மட்டும், மற்றவற்றில் எல்லோரும். எல்லோரும் கலந்துகொண்ட குழுக்களின் உற்பத்தி பழைய அளவைவிட 14 விழுக்காடு வரை உயர்ந்தது. விலகியவர் யாரும் இல்லை. இரண்டரை மாதம் கழித்து, முதல் குழுவில் எஞ்சியிருந்த 13 பேருக்கு மறுபடி வேலை மாறியது. இம்முறை அவர்களையும் கலந்து பேசியே செய்தார்கள். அதே ஆட்கள், விரைவில் தேறினார்கள். இந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த 13 பேர்தான். 'அவர்கள் மாற்றத்தை விரும்பாத ஆட்கள்' என்று அலுவலகங்களில் சுலபமாகச் சொல்லும் வாக்கியத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பு கிடைப்பது அரிது.

இதை வைத்து, எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தால் போதும் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. ஃப்ரெஞ்சும் கூட்டாளிகளும் பின்னர் நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதே போன்ற சோதனையைச் செய்து 1960இல் வெளியிட்டார்கள். உற்பத்தியில் அப்படிப்பட்ட வேறுபாடு வரவில்லை. நிர்வாகத்தோடு பேசும் வேலை சங்கத்தினுடையது என்று பழகிய இடத்தில், நிர்வாகமே நேராக வந்து அபிப்பிராயம் கேட்டால் அதற்கு அதே மதிப்பு கிடைப்பதில்லை. அதற்கும் முன்பே, 1954இல், ஹார்வர்டு பேராசிரியர் பால் லாரன்ஸ் எச்சரித்திருந்தார்: பங்கேற்பு என்பதை ஒரு தந்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு ஒப்புதல் வாங்கும் கூட்டத்தை யாரும் பங்கேற்பு என்று நம்பப்போவதில்லை. மக்கள் எதிர்ப்பது பெரும்பாலும் இயந்திரத்தை அல்ல, அதோடு வரும் உறவு மாற்றத்தை என்பது அவர் கருத்து. நேற்றுவரை தன்னிடம் யோசனை கேட்ட பொறியாளர் இன்று கடிகாரத்தோடு வந்து நின்றால், கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது ஓடாது.

ஆக, முதல் திறமை எதிர்ப்பைச் செய்தியாகப் படிப்பது. 'எங்களுக்கு நேரமில்லை' என்று ஒரு பிரிவு சொன்னால் அது சோம்பலா, பயமா, புதிய திரையில் உண்மையிலேயே இரண்டு படிகள் கூடியிருக்கின்றனவா என்று பிரித்தறிய வேண்டும். 2008இல் ஜெஃப்ரி ஃபோர்டும் உடனாசிரியர்களும் எழுதிய கட்டுரை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. எதிர்ப்பு என்று நாம் பெயர் வைப்பதில் ஒரு பகுதி, மாற்றத்தைக் கொண்டுவருபவர்கள் முன்பு கொடுத்து மீறிய வாக்குறுதிகளின் விளைவு என்றார்கள் அவர்கள். எனவே ஒரு நிறுவனத்துக்குள் நுழையும் மாற்றப் பணியாளர் முதலில் விசாரிக்க வேண்டியது, போன முறை இங்கே என்ன நடந்தது என்பதை. பழைய திட்டத்தின் கோப்பில் அது இருக்காது. கேன்டீனில் இருக்கும்.

இப்படிப் பிரித்தறிய வேண்டுமானால் வேலை தெரிந்திருக்க வேண்டும். விளம்பரங்கள் அநேகமாகக் கேட்காத திறமை இது. 1951இல் எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் மூலநூல்களில் ஒன்று. புதிய இயந்திரம் வந்ததும் சிறு குழுக்களாகச் சேர்ந்து வேலை செய்த முறை உடைந்து, ஒரு ஷிஃப்ட் வெட்ட, ஒரு ஷிஃப்ட் அள்ள என்று வேலை துண்டாகி, ஒரு ஷிஃப்டின் குறை அடுத்த ஷிஃப்டின் தலையில் விழுந்த கதையை அது சொல்கிறது. இயந்திரம் கணக்குப்படி கொடுக்க வேண்டிய விளைச்சலை ஏன் கொடுக்கவில்லை என்று மேலிருந்து பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. பாம்ஃபோர்த்துக்குப் புரிந்தது, அவர் பதினெட்டு ஆண்டுகள் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

அவர்கள் இருவரும் சார்ந்திருந்த லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் 1953இல் அகமதாபாத்துக்கு வந்தார். சாராபாய் குடும்பத்தின் கேலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் போட்டும் உற்பத்தி உயரவில்லை, துணியின் தரமும் தேறவில்லை. 224 தறிகள், 12 வகை வேலைகள். நெசவாளருக்கு 24 அல்லது 32 தறி, தார் நிரப்புபவருக்கு வேறு கணக்கு, அறுந்த இழையைச் சீர்செய்பவருக்கு இன்னொரு கணக்கு. யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்பதே யாருக்கும் தெரியாத ஏற்பாடு. ஒரு குறிப்பிட்ட தறி வரிசைக்கு ஒரு குழு பொறுப்பு என்று மாற்றலாமே என்ற யோசனையை ரைஸ் முன்வைத்தார். அந்தப் பேச்சு தளத்துக்குள் கசிந்ததும், தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் தாங்களே 64 தறிகளுக்கு ஒரு குழு என்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்து நின்றார்கள். தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது. பிறகு உற்பத்தி ஏறியது, சேதம் இறங்கியது. ரைஸுக்கு அவர்களுடைய மொழி தெரியாது. ஆனால் தறிக்கூடத்தில் எந்தக் கை எந்தக் கைக்குப் பிறகு வர வேண்டும் என்பதை உட்கார்ந்து பார்த்திருந்தார். பேச்சாற்றலைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும்.

இப்போது பெரிய தோல்விக்கு வருவோம். கனடா நாட்டு மத்திய அரசு தன் ஊழியர்கள் ஏறத்தாழ 2,90,000 பேருக்குச் சம்பளம் போட 'ஃபீனிக்ஸ்' என்ற புதிய கணினி முறையை 2016 பிப்ரவரியில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. சிலருக்குச் சம்பளம் குறைந்து வந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. வீட்டுக் கடன் கட்ட முடியாமல் திணறிய குடும்பங்கள் செய்தியில் வந்தன. சரிசெய்யும் செலவு, திட்டத்தில் மிச்சமாகும் என்று சொன்ன தொகையைவிடப் பல மடங்கானது. 2018இல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் கொடுத்த அறிக்கையை மாற்றப் பணிக்கு வர நினைக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும். பாடப்புத்தகங்கள் பலவற்றைவிட அதில் கற்க இருக்கிறது.

திட்டத்துக்கு ஒப்புதலான தொகை 15.5 கோடி டாலர். 2012இல் மென்பொருளைக் கட்டும் நிறுவனம் 27.4 கோடி ஆகும் என்றது. கூடுதல் பணம் கேட்பதற்குப் பதில், பொறுப்பாளர்கள் சில வசதிகளை வெட்டினார்கள், சிலவற்றைத் தள்ளிப்போட்டார்கள், கால அட்டவணையைச் சுருக்கினார்கள். வெட்டியவற்றில் பின்தேதியிட்ட ஊதியத்தைக் கணக்கிடும் வசதியும் ஒன்று. அரசு அலுவலகத்தில் அரியர்ஸ் இல்லாத சம்பளக் கணக்கு உண்டா? ஒரு சம்பளப் பிரிவு எழுத்தரிடம் கேட்டிருந்தாலே போதும். அதே நேரத்தில், துறைதோறும் இருந்த சம்பள ஆலோசகர் பணியிடங்களில் 1,200ஐ எடுத்துவிட்டு, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மிராமிச்சி நகரில் சுமார் 550 பேரைக் கொண்ட ஒரே மையத்தில் வேலையைக் குவித்தார்கள். பல ஆண்டு அனுபவம் கதவு வழியாக வெளியே போனது. முன்னோட்டமாகத் திட்டமிட்டிருந்த சோதனை ஓட்டமும் ரத்தானது. தயாராக இல்லை என்று துறைகள் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தச் செய்தி திட்டப் பொறுப்பாளர்களின் மேசை வரைக்கும் வந்தது. அதற்கு மேலே, அமைச்சகத்தின் உயர் அதிகாரிக்கு, சிக்கலின் முழு அளவு போகவில்லை. கெட்ட செய்தியை மேலே சொல்லப் பயப்படும் பண்பாடே அடிக்காரணம் என்ற பொருளில் தணிக்கையாளர் எழுதினார்.

இந்தத் திட்டத்தில் பயிற்சி இல்லையா? இருந்தது. தகவல் தொடர்பு? அதுவும் இருந்தது. வேலைவாய்ப்பு விளம்பரம் கேட்கும் எல்லாமே அங்கே ஏதோ ஓர் அளவில் இருந்திருக்கும். 'இந்தத் தேதியில் தொடங்கக் கூடாது' என்று எழுத்தில், எண்களோடு, உரிய நாற்காலிக்குக் கொண்டுபோகும் திறமையும் அதைக் கேட்கும் ஏற்பாடும் இல்லை. இதைத் துணிச்சல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். துணிச்சல் மட்டும் போதாது, கைவேலையும் வேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை பேருக்குப் புதிய முறையில் ஒரு முழு வேலையை யாருடைய உதவியும் இல்லாமல் முடிக்கத் தெரியும் என்று எண்ணி வைத்திருக்க வேண்டும். 'பயிற்சியில் கலந்துகொண்டோர் 96 விழுக்காடு' போன்ற எண்கள் பச்சை நிறத்தில் பலகையில் தெரியும், எதையும் சொல்லாது. தொடங்கும் தேதிக்கு முன்பே, எந்த நிலையில் ஒத்திப்போடுவோம் என்று தலைமையிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் போய்ச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், ஹோட்டல் அறை முதல் வாழ்த்து பேனர் வரை எல்லாம் ஏற்பாடாகியிருக்கும்.

இந்தியாவில் இந்த வேலைக்கு வருபவர்களுக்கு இன்னொரு பாடம் தேவை. வெளிநாட்டுச் சான்றிதழ்ப் படிப்புகளில் அது கிடைப்பதில்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் 9ஏ பிரிவின்படி, தொழிலாளர்களின் பணி நிலைமைகளில் குறிப்பிட்ட வகை மாற்றங்களைச் செய்ய 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டியிருந்தது. ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய இயந்திரமயமாக்கல், ஷிஃப்ட் முறை மாற்றம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அதன் இடத்தில் வந்த 2020இன் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டமும் இந்த முன்னறிவிப்பை வைத்திருக்கிறது. ஷிஃப்ட் நேரத்தை மாற்றும் அழகான திட்டத்தை வண்ணப்படங்களோடு போட்டுவிட்டு, இந்தச் சட்டப்பிரிவைத் தொழிற்சங்கச் செயலாளர் வாயால் முதல்முறை கேள்விப்படுவது ஒரு மாற்ற மேலாளருக்கு நல்ல தொடக்கம் ஆகாது.

வங்கிகளில் கணினி வந்த வரலாறு இதற்குச் சரியான பாடம். 1960களில் கல்கத்தாவில் எல்ஐசி கணினியைக் கொண்டுவர முயன்றபோது ஊழியர் சங்கம் நடத்திய மறியல் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அந்த நினைவு மறையாத காலத்தில்தான் வங்கிகளின் முறை வந்தது. 1983 செப்டம்பரில் இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் அமைப்பும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன: இன்ன வகை இயந்திரம், இத்தனை எண்ணிக்கை, அதை இயக்குபவருக்கு இவ்வளவு தனிப் படி. கிளைகளுக்குள் முதலில் நுழைந்தவை ஏஎல்பிஎம் என்ற லெட்ஜர் பதிவு இயந்திரங்கள். அதே காலத்தில் சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த இரண்டு குழுக்கள் 1984இலும் 1989இலும் அறிக்கை தந்து பாதையைப் போட்டன. 1993இல் இன்னொரு ஒப்பந்தம் எல்லையை விரிவாக்கியது. கோர் பேங்கிங் வந்தது அதற்குப் பின்னால். மெதுவாக நடந்தது, இதனால் வாடிக்கையாளர்கள் பத்தாண்டுகள் கூடுதலாக வரிசையில் நின்றார்கள் என்று குறை சொல்லலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் லட்சக்கணக்கான ஊழியர்களைக் கொண்ட ஒரு துறை, பேரேட்டிலிருந்து திரைக்கு, பெரிய உடைப்பு இல்லாமல் மாறியிருக்கிறது. அந்த மேசைகளில் உட்கார்ந்து படியையும் எண்ணிக்கையையும் பேசியவர்கள் யாருக்கும் 'சேஞ்ச் மேனேஜர்' என்ற அட்டை இல்லை. பேரம் பேசும் திறமை இத்துறையின் மையத் திறமைகளில் ஒன்று என்று சொல்ல நம் ஊர்க்காரர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

நெருக்கடி இருந்தால் வேலை சுலபம் என்ற நம்பிக்கையும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 1995-96இல் 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. 1999இல் ரிசர்வ் வங்கி அமைத்த வர்மா குழு அதைப் பலவீனமான மூன்று பொதுத்துறை வங்கிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது. 2000இல் ரஞ்சனா குமார் தலைவராக வந்த பிறகு, விருப்ப ஓய்வுத் திட்டம், அமைப்பைச் சுருக்குதல் என்று போய், 2001-02இல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது. இங்கே ஆபத்து எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை குறைவு. ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதைச் சொற்களால் உண்டாக்கப் பார்ப்பதுதான் வம்பு. நோக்கியாவின் தலைவர் ஸ்டீஃபன் ஈலாப் 2011 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பில், எரியும் எண்ணெய்க் கிணற்று மேடையில் நிற்கிறோம் என்றார். மேலாண்மை வகுப்புகளில் அப்போதே புழக்கத்தில் இருந்த உவமை. குறிப்பு வெளியே கசிந்தது. கடைகளில் இன்னும் விற்றுக்கொண்டிருந்த சிம்பியன் போன்களைப் பற்றி, அவற்றைச் செய்பவரே எரிகிறது என்று சொல்லிவிட்ட நிலை. மாற்றாக வரவிருந்த விண்டோஸ் போன்கள் சந்தைக்கு வர இன்னும் மாதங்கள் இருந்தன. நோக்கியாவின் வீழ்ச்சிக்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பரில் நின்றதற்கு வரி வழக்கும் சேர்ந்துகொண்டது. ஒரு கடிதத்தின்மேல் எல்லாப் பழியையும் போட முடியாது. என்றாலும், உள்ளே படிப்பவருக்கு எழுதுவதை வெளியே இருப்பவரும் படிப்பார் என்ற எழுத்துப் பயிற்சி ஒரு தலைவருக்கு இல்லாமல் போனது, அல்லது அவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது மொழியையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் சுற்றறிக்கை ஆங்கிலத்தில் வரும், அதைப் பற்றிய பேச்சு தமிழில் நடக்கும், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அது இந்தியிலோ ஒடியாவிலோ அரைகுறையாகப் போய்ச் சேரும். மூன்றிலும் ஒரே பொருள்தான் போயிருக்கிறதா என்று சோதிப்பவர் அரிது. சோதிக்கும் வழியும் எளியது: படித்தவரிடம், நாளை காலை நீங்கள் என்ன வேறு விதமாகச் செய்வீர்கள் என்று கேட்பது.

கோட்பாடுகள், சான்றிதழ்கள் விஷயத்துக்கு வருகிறேன். உருக்கு, மாற்று, உறையவை என்ற மூன்று படிகளை லெவின் பெயரில் எல்லா வகுப்பிலும் சொல்லித்தருகிறார்கள். அவர் 1947இல் இறந்துவிட்டார். அவர் எழுத்தில் அது சில வரிகளாகத்தான் இருக்கிறது, இன்று தெரியும் மாதிரி பின்னால் வந்தவர்கள் கட்டியது என்று 2016இல் மூன்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஜான் கோட்டர் 1995இல் கட்டுரையாகவும் 1996இல் நூலாகவும் தந்த எட்டுப் படிகள் உயர் தலைமைக்கு எழுதியவை. நடுவில் இருப்பவர் அவற்றைப் பின்பற்ற முயன்றால் முதல் படியிலேயே நிற்பார், அவசர உணர்வை உண்டாக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. எலிசபெத் கூப்லர்-ராஸின் துக்கத்தின் ஐந்து நிலைகள் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடமிருந்து வந்தவை, 1969இல். மென்பொருள் மாறுகிற எழுத்தரின்மேல் அதைப் பொருத்துவது, அவர் சொல்லும் நியாயமான குறையைக்கூடத் துக்கத்தின் ஒரு கட்டம் என்று தள்ளிவிட வழி செய்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

ஜெஃப் ஹையாட்டின் ஆட்கார் மாதிரி மட்டும் நடைமுறைக்கு உதவுகிறது. ஒருவர் புதிய முறைக்கு வராததற்குக் காரணம் விஷயம் தெரியாததா, விருப்பம் இல்லாததா, கற்பிக்கப்படாததா, கற்றும் கை வராததா, வந்த பிறகு பழையதற்கு நழுவிவிட்டதா என்று ஐந்தாகப் பிரித்துக் கேட்க அது உதவும். விருப்பமில்லாதவருக்கு மேலும் மேலும் பயிற்சி வகுப்பு நடத்தும் வீண்செலவை இந்த ஒரு கேள்வி தடுத்துவிடும். இதற்கு மேல் சான்றிதழிடம் எதிர்பார்க்க வேண்டாம். அது தேர்வுப் பட்டியலில் பெயர் வர உதவும். கூட்ட அறையில் உதவாது.

மாற்றத் திட்டங்களில் 70 விழுக்காடு தோற்கின்றன என்ற வாசகம் இத்துறையின் ஒவ்வொரு விளக்கவுரையிலும் முதல் பக்கத்தில் இருக்கும். 2011இல் மார்க் ஹியூஸ் அதன் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போனார்; நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அந்த வழியில் கிடைத்த பழைய மூலங்களில் ஒன்று 1993இல் ஹேமரும் சாம்பியும் எழுதிய நூல். அவர்களே அதை அறிவியல்பூர்வமற்ற ஒரு மதிப்பீடு என்றுதான் குறிப்பிட்டிருந்தார்கள். எண்ணின் மூலத்தைத் தேடிப் பார்க்கும் பழக்கமும் இந்த வேலைக்கு வேண்டும். நேர்முகத் தேர்வில் இந்த எழுபதைச் சொல்பவரைவிட, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவரை நான் எடுப்பேன்.

இன்னொன்று, மேற்பார்வையாளர். தலைமை பேசுவதைக் கூட்டத்தில் கேட்டுவிட்டு, வெளியே வந்து ஊழியர்கள் திரும்பிப் பார்ப்பது தங்கள் சூப்பர்வைசர் முகத்தைத்தான். அவர் உதட்டைப் பிதுக்கினால் திட்டம் அங்கேயே முடிந்தது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அது. 2002இல் டிவிஎஸ் மோட்டார், தொடர்ந்து ரானே, லூகாஸ்-டிவிஎஸ் என்று தமிழகத்து ஆலைகள் வரிசையாக வந்தன. ஜப்பானியப் பேராசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் வந்துபோனார்கள். தரக் குறைபாட்டை எண்ணுவது, காரணத்தைத் தோண்டுவது, யோசனை எழுதிக் கொடுப்பது என எல்லாம் ஃபோர்மேன் அளவில் நடந்தது. மாற்றத்துக்கெனத் தனித்துறை ஏதும் இல்லாமல் அன்றாட வேலையே மாற்றமாகிப்போன எடுத்துக்காட்டு அது. தனித்துறை வைத்திருக்கும் நிறுவனங்களில் அந்த வேலையைச் செய்பவர், ஃபோர்மேனைக் கடந்து நேரே ஊழியரிடம் போய்ப் பிரபலமாகும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். தனக்குத் தெரிந்ததை ஃபோர்மேன் வாயால் சொல்லவைப்பதில் கைதட்டல் கிடைக்காது, ஆனால் காரியம் நடக்கும்.

நிலைத்திருத்தல் பற்றி அதிகம் பேசுவதில்லை. திட்டம் முடிந்ததும் ஆலோசகர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். விதிவிலக்காக, ரைஸ் வேலை செய்த அகமதாபாத் மில்லுக்கு டாவிஸ்டாக்கைச் சேர்ந்த எரிக் மில்லர் 1970இல் திரும்பிப் போய்ப் பார்த்து, 1975இல் எழுதினார். ஒரு தறிக்கூடத்தில் குழுமுறை பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ அப்படியே இருந்தது. வேறோர் இடத்தில் பழைய முறைக்கே திரும்பிவிட்டிருந்தது. சந்தையின் தேவை, நூலின் தரம், ஆட்களின் வரத்து இவையெல்லாம் மாறும்போது குழுவைச் சுற்றியிருந்த பாதுகாப்பு எங்கே கரைந்ததோ அங்கே மாற்றமும் கரைந்தது. தொடங்கிய நாளை வைத்தே வெற்றியைக் கணக்கிடும் நிறுவனங்களுக்கு இது பிடிக்காத செய்தி.

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளைஞர், நேரே அதில் நுழைவதைவிட, சில ஆண்டுகள் உற்பத்தியிலோ, கிளை அலுவலகத்திலோ, சம்பளப் பிரிவிலோ, வாடிக்கையாளர் சேவையிலோ இருந்துவிட்டு வருவது நல்லது. மாற்றம் தன் தலையில் விழுந்த அனுபவம் ஒருமுறையாவது இருக்கட்டும். மனிதவளம் படித்தவர்களுக்குச் சட்டமும் பேரமும் கைகொடுக்கும்; பொறியாளர்களுக்கு வேலையின் ஓட்டம் புரியும்; இதழியல் படித்து வந்தவர்கள் கேள்வி கேட்பதில் மற்றவர்களை மிஞ்சுவார்கள். நேர்முகத் தேர்வில் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவையும் சில உண்டு. இந்தப் பணியாளர் யாருக்கு நேரடியாகப் பதில் சொல்கிறார்? திட்டக் கூட்டங்களில் அவருக்கு இடம் எந்தக் கட்டத்திலிருந்து? தொடக்கத் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லும் குரல் அவருக்கு உண்டா, கடைசியாக யாராவது அப்படிச் சொல்லி அது நடந்திருக்கிறதா? இவற்றுக்குப் பதில் வராமல், செய்திமடலும் பயிற்சிக் காணொளியும் தயாரிப்பதைப் பற்றியே பேச்சு திரும்பினால், அந்தப் பணியிடம் பயிற்சித் துறையின் ஒரு கிளை. அதிலும் தவறில்லை, அப்படித் தெரிந்துகொண்டு, சம்பளத்தையும் பொறுப்பையும் அதற்கேற்பப் பேசிக்கொண்டு சேரலாம்.